விருது வெட்டிய ஊர்

விருதுநகருக்கு முன்னாளில் விருதுபட்டி என்று பெயர். அதற்கும் முன்னால் விருதுகள்வெட்டி என்று இருந்ததாக ஊர்க்கதை. நாடு நாடாகச் சண்டையிட்டு, வென்ற இடத்திலெல்லாம் ஒரு விருதுக்கொடியைச் சேர்த்துக்கொண்டு, எதிர்ப்பவர் உண்டா என்று கேட்டபடி வந்த வீரன் ஒருவனை இவ்வூர்க்காரன் ஒருவன் எதிர்த்து வெட்டிச் சாய்த்தான் என்பார்கள். வந்தவன் எந்த நாட்டவன், வெட்டியவன் யார் மகன் என்பதெல்லாம் கதைக்கு நினைவில்லை. விருது மட்டும் நினைவில் இருக்கிறது. மன்னர் எழுதிக் கொடுத்த பட்டயத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். பட்டம் சுமந்து வந்தவனிடமிருந்து அதை வெட்டி இறக்கியதைப் பெயராக வைத்துக்கொண்ட ஊர் இது. கதை நடந்ததோ இல்லையோ, இந்தக் கரிசல் பூமியில் பட்டங்களுக்கு நேர்ந்தவற்றை யோசிக்கும்போது அது பொய்யாகத் தோன்றவில்லை.

பட்டங்களை ஓர் அரசு எவ்வளவு நுட்பமாக அடுக்க முடியும் என்று பார்க்க வேண்டுமானால் கொரிய முடியாட்சியைப் பார்க்க வேண்டும். சாத்தூர், சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது தமிழ் பேசும் கொரிய அரசர்களைச் செல்போனில் பார்க்கிறார்கள். அந்தத் தொடர்களில் யார் யாருக்கு எவ்வளவு குனிகிறார்கள் என்பதை நம்மைவிட அவர்கள் நன்றாக அறிவார்கள். 1392 முதல் 1897 வரை நீடித்த ஜோசன் அரசு, 1485இல் நடைமுறைக்கு வந்த தன் சட்டநூலில் அதிகாரிகளையும் அரண்மனைப் பெண்களையும் ஒன்பது படிகளில் நிறுத்தியது. ஒவ்வொரு படியும் மேல், கீழ் என இரண்டாகப் பிரியும். அரசனும் அரசியும் படிகளுக்கு அப்பாற்பட்டவர்கள். அரசிக்குப் பிறந்த மகன் 'தேகுன்'; துணைவிக்குப் பிறந்தவன் வெறும் 'குன்'. அரசியின் மகள் 'கொங்ஜு'; துணைவியின் மகள் 'ஒங்ஜு'. துணைவியருக்குள்ளேயே எட்டு நிலைகள். அரண்மனையில் வேலைசெய்து வாழ்நாளைக் கழிக்கும் பெண் எட்டக்கூடிய உச்சம், ஐந்தாம் படியில் இருக்கும் 'சங்குங்'.

சியோலில் க்யோங்பொக்குங் அரண்மனையின் அரியணை மண்டபத்துக்கு முன்னே கல் பாவிய முற்றத்தில் இன்றும் இரண்டு வரிசையாகக் குறுங்கற்கள் நிற்கின்றன. எந்தப் படிக்காரர் எந்தக் கல்லருகே நிற்க வேண்டும் என்று அவற்றில் பொறித்திருக்கிறார்கள். கிழக்குப் பக்கம் ஆட்சி அலுவலர்கள், மேற்குப் பக்கம் படைத்தலைவர்கள். அந்த இரு வரிசையைச் சேர்ந்தவர்கள் 'யாங்பான்'. நம் ஊர்ப் பங்குனிப் பொங்கலில் யாரும் கல் நட்டு வைக்கவில்லை. ஆனாலும் பரிவட்டம் முதலில் யார் தலைக்கு, இரண்டாவது யாருக்கு, எந்தத் தெருக்காரர் வரிசையிலேயே இல்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இறந்த பிறகும் வரிசை விடாது. செஜோங் என்று உலகம் அறிந்த மன்னனை வாழ்நாளில் யாரும் அப்படி அழைத்ததில்லை. அவன் பெயர் யி டோ. செஜோங் என்பது மறைந்தபின் மூதாதையர் கோயிலில் வைத்து வணங்குவதற்காகக் கொடுக்கும் பெயர். வாழ்ந்தவனைப் பற்றிப் பின்வந்தவர்கள் எழுதும் தீர்ப்பு அது. 1506இலும் 1623இலும் அரியணையிலிருந்து இறக்கப்பட்ட இரண்டு மன்னர்களுக்கு அந்தப் பெயர் மறுக்கப்பட்டது. அவர்கள் இன்றுவரை யொன்சன்குன், குவாங்ஹேகுன். பல்லாண்டு அரசாண்டும் வரலாற்றில் இளவரசர்களாகவே நிற்கிறார்கள்.

ஜோசனுக்கு முந்தைய கோர்யோ அரசு இன்னும் பெரிய இறக்கத்தைக் கண்டது. மங்கோலியருக்கு அடங்கியபின், 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, அதன் மன்னர்கள் பேரரசர்க்குரிய சொற்களை இழந்தார்கள். அரசனை விளிக்கும் சொல் ஒரு படி குறைந்தது. பட்டத்து இளவரசனின் பெயர் குறைந்தது. இறந்தபின் வழங்கும் பெயரிலும் மங்கோலியப் பேரரசருக்கு 'விசுவாசமானவன்' என்ற அடைமொழி வந்து ஒட்டிக்கொண்டது. அறுநூறு ஆண்டுகள் கழித்து, 1897 அக்டோபரில், கோஜோங் மன்னன் தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொண்டான். 13 ஆண்டுகள்கூட அது நிலைக்கவில்லை. 1910 ஆகஸ்டில் ஜப்பான் கொரியாவை இணைத்துக்கொண்டது. பேரரசன் சுன்ஜோங், அரண்மனையின் பெயரோடு சேர்த்து அழைக்கப்படும் 'யி மன்னன்' ஆனான். நாடு போனது, அரண்மனை மிஞ்சியது, பட்டம் ஜப்பானிய அரசின் பேரேட்டில் ஒரு பதிவானது. கூடவே கொரியப் பெருந்தலைகளுக்கு ஜப்பானியப் பிரபுப் பட்டங்களும் வழங்கப்பட்டன. சிலர் மறுத்தார்கள். பலர் வாங்கிக்கொண்டார்கள்.

*

இந்த இறக்கத்தைப் படிக்கும் விருதுநகர்க்காரருக்கு அது அந்நியமாக இருக்காது. நம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியை ஆண்ட இராமநாதபுரம் சேதுபதிகளின் செப்பேடுகளில் பட்டங்கள் வரிவரியாக நீளும். அவற்றில் ஒன்று இரணியகர்ப்பயாஜி. பொன்னால் செய்த கருப்பைக்குள் புகுந்து வெளிவந்து, புதிதாகப் பிறந்தவனாகத் தன்னை அறிவித்துக்கொள்ளும் சடங்கைச் செய்தவர் என்று பொருள். மன்னர்களின் உயர்வும் பிறப்போடு வந்துவிடுவதில்லை, செலவு செய்து வாங்க வேண்டியிருந்தது என்பதை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 1801இல் கர்நாடக நவாப்பின் நாடு கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்குப் போனது. 1803இல் இராமநாதபுரம் நிரந்தர ஜமீனாக எழுதப்பட்டது. அதன்பின் ராஜா என்று போட்டுக்கொள்வதற்கும் வெள்ளையர் அனுமதி வேண்டும்.

மேற்கே நாயக்கர் காலத்துப் பாளையங்கள். விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் 72 பாளையங்களாக மதுரைச் சீமையை வகுத்தார்கள் என்பது மரபு. ஏழாயிரம்பண்ணை அவற்றில் ஒன்று. 1799இல் கட்டபொம்மனோடு சேர்ந்து நின்றதற்காகக் கும்பெனி பறித்துக்கொண்ட பாளையங்களில் அதுவும் இருந்தது. இன்று ஏழாயிரம்பண்ணை என்றால் தீப்பெட்டியும் பட்டாசும். சேத்தூர், சிவகிரி போலக் கும்பெனியோடு அனுசரித்துப் போன பாளையங்கள் ஜமீன்களாகத் தப்பிப் பிழைத்தன. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் அவற்றையும் முடித்துவைத்தது. 1950இல் அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு பட்டங்களையே ஒழித்தது. 1971இல் 26ஆவது திருத்தம் சமஸ்தான மன்னர்களுக்கான அங்கீகாரத்தையும் மானியத்தையும் எடுத்தது.

மேலே இருந்த பட்டங்கள் இப்படித்தான் விழுந்தன: படையெடுப்பில், ஒப்பந்தத்தில், சட்டத்தில். இது பாடப்புத்தகத்தில் இருக்கும் வரலாறு. எனக்கு இதில் பெரிய ஆர்வமில்லை. பட்டம் மேலிருந்து விழுவதைவிட, கீழிருந்து கை நீட்டி அதை எடுத்துக்கொள்வதுதான் சுவையான வரலாறு. கொரியாவிலும் சரி, இங்கும் சரி, முடியாட்சியின் வரிசைகளை உண்மையில் குலைத்தவர்கள் அப்படி எடுத்துக்கொண்டவர்கள்தான்.

*

வரிசையின் உச்சியைப் பார்த்தோம். அடியைப் பார்க்காமல் வரிசை புரியாது. கொரியாவின் பழைய சில்லா அரசில் மனிதர்களை எலும்பின் தரத்தால் பிரித்தார்கள்: புனித எலும்பு, மெய்யெலும்பு, அதற்குக் கீழே தலைத்தரங்கள். 834இல் அந்நாட்டு மன்னன் ஒருவன் எந்தத் தரத்தார் என்ன துணி உடுத்தலாம், எவ்வகை வண்டியில் போகலாம், வீட்டின் அறை எத்தனை அடி இருக்கலாம் என்று ஆணை போட்டான். ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து, 1930இல், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தின் ஒரு பகுதியில் ஆதிதிராவிடர் மீது விதிக்கப்பட்ட எட்டுத் தடைகளை ஆங்கிலேய அதிகாரி ஹட்டன் எழுதி வைத்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. ஒரு மனிதனுக்குப் பட்டம் சூட்டும் போதெல்லாம் இன்னொரு மனிதனிடமிருந்து ஒரு சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கிறது. அரசவைகளின் பட்டாடை வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சேர்த்து எழுதுவதில்லை.

ஜோசன் அரசின் வரிசை உடையத் தொடங்கியது அரசின் பசியால்தான். 1592இல் ஜப்பானியர் படையெடுத்து வந்தார்கள். ஏழாண்டுப் போரில் கருவூலம் வறண்டது. அரசு பதவிப் பட்டயங்களை அச்சிட்டுத் தானியத்துக்கு விற்கத் தொடங்கியது. பெயர் எழுதும் இடம் மட்டும் காலி. நெல் கொடுத்தவன் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம். அடுத்த இருநூறு ஆண்டுகளில் பட்டயம் வாங்கியவர்களும், வம்சாவளிப் புத்தகத்தில் காசு கொடுத்துத் தங்கள் பெயரை நுழைத்தவர்களும் சேர்ந்து, யாங்பான் என்று சொல்லிக்கொள்வோர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 1801இல் அரசு அடிமைகளின் பதிவேடுகளைத் தீயிலிட்டார்கள். 1894இன் சீர்திருத்தம் பிறப்புத் தரங்களைச் சட்டத்திலிருந்தே நீக்கியது. இன்று கொரியரில் ஐந்தில் ஒருவர் கிம். தன் மூதாதை யாங்பான் அல்ல என்று சொல்பவர் அரிது. வீதியில் சண்டை வந்தால் எதிராளியை 'ஏய் யாங்பான்' என்று அதட்டுகிறார்கள். அரண்மனை முற்றத்துக் கல்லருகே நின்ற சொல் பேருந்து நிலையத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

நம் பக்கத்துக் கதை இதற்கு இளைத்ததல்ல. திருச்செந்தூர் வட்டாரத்தில் நிலமும் வரி வாங்கும் உரிமையும் கொண்ட சில குடும்பங்களுக்கு மட்டும் உரியதாக இருந்த பட்டம் நாடான். பனையேறியவர்களுக்கும் கருப்பட்டி சுமந்தவர்களுக்கும் அந்தப் பட்டம் கிடையாது. வடக்கே வந்து வணிகம் செய்தவர்கள் சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தூர், பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்ற ஆறு ஊர்களில் பேட்டை போட்டுத் தங்கினார்கள். உறவின்முறை கூடியது. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிரித்தார்கள். மகமைப் பணம் கிணறானது, சத்திரமானது, பள்ளிக்கூடமானது. விருதுபட்டியில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கி நடத்திய பள்ளிக்குச் சத்திரிய வித்தியாசாலை என்று பெயர் வைத்தார்கள். சேதுபதிகள் பொற்கருப்பையில் புகுந்து எட்டிப்பிடித்த தகுதியை இவர்கள் ஒரு பிடி அரிசியில் எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள்.

சும்மா விடுவார்களா? 1897இல் கமுதியில் நாடார்கள் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்ததை எதிர்த்து, கோயிலின் அறங்காவலர் என்ற முறையில் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். விவேகானந்தர் சிகாகோ போக உதவிய அதே சேதுபதிதான். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. இடையில் 1899 ஜூனில் சிவகாசி தாக்கப்பட்டது. சுற்றுப்பக்க ஊர்களில் வீடுகள் எரிந்தன, பலர் மடிந்தார்கள். கோயில் கதவு திறக்க 1939 ஜூலை வர வேண்டியிருந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் அழைத்துப்போன சிறு குழுவில் தாழ்த்தப்பட்டோருடன் விருதுநகரைச் சேர்ந்த நாடார் ஒருவரும் இருந்தார்.

கோயிலில் தோற்றவர்கள் பதிவேட்டில் வென்றார்கள். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி, பழைய சாதிப் பெயரை விடுத்து நாடார் என்றே எழுத அரசு ஆணை பிறந்தது. சில குடும்பங்களின் பட்டம் ஒரு சாதி முழுவதற்கும் பெயராயிற்று. அப்படியானால் அது இனி பட்டமே அல்ல. எல்லோருக்கும் உரியதாகிவிட்ட உயர்வு யாரையும் உயர்த்திக் காட்டாது. அந்த வட்டத்துக்குள் அது சமத்துவத்தின் வேறு பெயர்.

*

எல்லாப் பெயர் மாற்றமும் இப்படி முடிவதில்லை. கொரியாவில் மாடறுத்தும் கூடை முடைந்தும் கழைக்கூத்தாடியும் வாழ்ந்த மக்களை ஊருக்கு வெளியே வைத்திருந்தார்கள். 1423இல் செஜோங் மன்னனின் அரசு அவர்களையும் குடிமக்களோடு சேர்க்க நினைத்து ஒரு பெயர் கொடுத்தது: பெக்ஜோங். கோர்யோ காலத்தில் சாதாரணக் குடியானவரைக் குறித்த சொல் அது. அரசனின் நோக்கம் நல்லது. நடந்தது வேறு. குடியானவர்கள் அந்தப் பெயரை உதறிவிட்டுப் போனார்கள். பெக்ஜோங் என்றால் தீண்டத்தகாதவன் என்று ஆகிவிட்டது. மேலிருந்து கருணையாக இறக்கிய பெயர், இறங்கிய இடத்தின் இழிவை ஏற்றுக்கொண்டது. இங்கே காந்தி கொடுத்த அரிசனம் என்ற பெயருக்கு என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியும்.

ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, 1923 ஏப்ரலில், கொரியாவின் தெற்கே ஜின்ஜு நகரில் பெக்ஜோங் மக்கள் தாங்களே கூடி ஓர் இயக்கம் தொடங்கினார்கள். இறைச்சிக்கடைத் தராசின் முள் நடுவில் நிற்பதுபோல மனிதரும் நிற்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. இயக்கத்தின் பெயரிலேயே தராசு இருந்தது. தங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும், இழிபெயரை நீக்க வேண்டும் என்று கேட்டார்கள். அதே 1923இல்தான் விருதுபட்டி விருதுநகர் ஆயிற்று. அதே ஆண்டில்தான், கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தொழில் தொடங்கினார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிகழ்ச்சிகள். ஆனால் இரண்டு மண்ணிலும் ஒரே விதி தெரிகிறது: கொடுக்கப்பட்ட பெயர் ஒட்டவில்லை, பள்ளிக்கூடத்தோடும் கடையோடும் சேர்ந்து எடுத்துக்கொண்ட பெயர் நின்றது.

எடுத்துக்கொண்டதை வீசி எறியவும் நாடார்களிடையே ஆட்கள் இருந்தார்கள். நாடார் என்று எழுத ஆணை வந்து எட்டே ஆண்டில், 1929 பிப்ரவரியில், செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு கூடி, பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் போடுவதை விடச் சொல்லித் தீர்மானித்தது. தலைமை தாங்கியவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன். இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமத்தைப் பறிப்பேன் என்று ஆணையிட்டவர் அவர். சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாநில மாநாடு 1931இல் விருதுநகரிலேயே நடந்தது. மூன்று தலைமுறை உதை வாங்கிச் சேர்த்த பட்டத்தை, கையில் வந்த சூட்டோடு இறக்கி வைக்கச் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! விருதுகள்வெட்டி என்ற பெயருக்கு இந்த மண் உண்மையில் தகுதி பெற்றது அப்போதுதான் என்பேன்.

*

அந்தத் துணிச்சல் நீடித்ததா? சாதிப்பட்டம் பெயரின் பின்னாலிருந்து போனது. அரசியல் பட்டம் பெயரின் முன்னால் வந்து உட்கார்ந்தது. பேரறிஞர், மூதறிஞர், பெருந்தலைவர், புரட்சித் தலைவர் என்று தொடங்கி, இன்று வட்டச் செயலாளருக்கும் ஒரு தளபதிப் பட்டம் இருக்கிறது. இவற்றில் பெரும்பகுதி அச்சாகும் இடம் நம் சிவகாசி. சுவரொட்டி, காலண்டர், அழைப்பிதழ் என்று பல மாநிலங்களுக்கும் இங்கிருந்து போகிறது. ஜோசன் அரசு காலிப் பட்டயம் அச்சிட்டதுபோல நாம் ஆஃப்செட்டில் அச்சிடுகிறோம். பெயர் எழுதும் இடம் மட்டும் கட்சிக்குக் கட்சி மாறும். ஊருக்கே ஒரு பட்டம் உண்டு: குட்டி ஜப்பான். நேரு சூட்டியதாகச் சொல்லிக்கொள்வார்கள்.

இதே மாவட்டத்தில் பட்டத்தோடு வேறுவிதமாக வாழ்ந்தவர்களும் உண்டு. இராஜபாளையத்துக் குமாரசாமி ராஜாவுக்குப் பெயரிலேயே ராஜா. சென்னை மாகாண முதலமைச்சராக 1949 முதல் 1952 வரை இருந்தவர், தன் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். சத்திரிய வித்தியாசாலையில் பிடி அரிசிச் சோற்றில் படித்து, பாதியில் நின்ற காமராசர் இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னின்றார்; தான் அந்த நாற்காலிக்கு ஆசைப்படவில்லை. 1967இல் சொந்த ஊர்த் தொகுதியிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். பாரத ரத்னா அவர் மறைந்த மறு ஆண்டு வந்தது. சங்கரலிங்கனார் தனக்கென எதுவும் கேட்கவில்லை. தமிழ்நாடு என்ற பெயரை நாட்டுக்குக் கேட்டு, 1956 ஜூலையில் விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கி, அக்டோபர் 13இல் உயிர் விட்டார். 1969 சனவரியில் அந்தப் பெயர் வந்தது. கொரிய மன்னர்களுக்கு இறந்தபின் கோயிற்பெயர் கிடைத்தது. இவர் இறந்தபின் கிடைத்த பெயரில் நாம் எல்லோரும் வாழ்கிறோம்.

*

பட்டங்கள் இறங்கி வந்த பாதை எங்கே நின்றுபோனது என்று பார்க்க, காலை ஏழு மணிக்குக் கிராமங்களிலிருந்து பட்டாசு ஆலைக்குப் போகும் வேன்களைப் பார்த்தால் போதும். ஆலைகளுக்குள் ஒரு படிவரிசை இருக்கிறது. நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று ஆலைகளுக்கே தரம். உள்ளே முதலாளி, மேனேஜர், கணக்குப்பிள்ளை, போர்மேன், சூப்பர்வைசர். அதற்கும் கீழே மருந்து கலக்குகிறவர், மருந்து செலுத்துகிறவர், திரி முடுக்குகிறவர், குரோசுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிப் பெட்டி கட்டும் பெண்கள். மேல்படிக்காரர் அண்ணாச்சி. கீழ்ப்படிக்காரருக்கு எழுபது வயது நிறைந்திருந்தாலும் பெயர் உண்டே ஒழிய 'ங்க' இல்லை. வயதான தொழிலாளியை முதலாளி வீட்டுப் பையன் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்த காதுகள் நம்முடையவை. நமக்கு அது உறைப்பதில்லை.

இங்கேயும் காலிப் பட்டயம் புழங்குகிறது. ஒருவர் பெயரில் லைசென்ஸ் இருக்கும். அறைகளை உள்குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் வேறொருவர். குத்தகைக்காரருக்குப் போட்ட முதலை எடுக்க வேண்டிய அவசரம். அனுமதித்ததைவிட அதிக ஆள், அதிக மருந்து, மரத்தடியில் வேலை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டோர் கருகினார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் பலர் போனார்கள். பின்னும் போய்க்கொண்டிருக்கிறார்கள். மறுநாள் செய்தியில் அமைச்சருக்கு 'மாண்புமிகு' இருக்கும், அதிகாரிக்கு முழுப் பதவிப்பெயர் இருக்கும். செத்தவர்களுக்கு எண் இருக்கும். கொரிய அரண்மனையின் ஒன்பதாம் படியில் நின்றவனுக்குக்கூட முற்றத்தில் ஓர் இடம் குறித்திருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

ஆகவே, பட்டங்கள் ஒழிந்துவிட்டன என்று அரசியல் சட்டம் சொல்வதை நான் நம்பவில்லை. சட்டம் ஒழித்தது உச்சியில் இருந்தவற்றை. கொரியாவில் யாங்பான் என்ற உயர்வு செத்தது எல்லோரும் அதை எடுத்துக்கொண்டதால். நாடான் என்ற பட்டம் பட்டமாக இல்லாமல் போனது ஒரு சாதி முழுவதும் அதை எடுத்துக்கொண்டதால். பட்டத்தை ஒழிக்க மனிதர்கள் கண்ட ஒரே நம்பகமான வழி, கடைசி ஆள்வரை அதைப் பகிர்ந்துவிடுவதுதான். ஆறு ஊர்க்காரர்கள் தங்களுக்குள் அதைச் செய்து காட்டினார்கள்; நாடு முழுவதும் பார்த்து வியக்கும் அளவுக்குச் செய்தார்கள். ஆனால் தங்கள் ஆலை வாசலில் அதை நிறுத்திக்கொண்டார்கள். இதைக் குற்றச்சாட்டாக ஒரு சாதியின் மேல் மட்டும் வைக்க முடியாது. ஆலை வைத்திருப்பவர்களில் இன்று எல்லாச் சாதியும் உண்டு, பெயர் சொல்லி அதட்டுவதிலும் எல்லோரும் உண்டு.

பெரிய புரட்சி எதுவும் கேட்கவில்லை. ஆலைக்குள் இருக்கும் கடைசிப் பெண்ணையும் 'வாங்க' என்று கூப்பிடுங்கள். உள்குத்தகையை நிறுத்துங்கள்; லைசென்ஸில் யார் பெயரோ அவரே அறைக்குப் பொறுப்பாக நிற்கட்டும். விபத்து நடந்தால் பத்திரிகைகள் எண்ணை எழுதுவதற்கு முன் பெயரை எழுதட்டும், அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் 'அவர்கள்' போடட்டும். விருது வெட்டிய ஊருக்கு இது முடியாத காரியம் அல்ல.